கையேட்டைத் திறக்கத் தெரியாத கேப்டன்: வாசகர் கேள்வி – பதில்

ரோபோக்களையும் தொழில்நுட்பத்தையும் சார்ந்து வாழும் சமூகத்தை அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்பது குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எந்தப் படத்தைப் பார்த்தாலும் கடைசியில் ரோபோ மனிதனுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. இயக்குநர்களுக்கு வேறு கதையே தோன்றாதா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இந்தக் குறை இயக்குநர்களுடையது மட்டுமில்லை. 'ரோபோ' என்ற சொல்லே கலகத்தோடுதான் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதி, அடுத்த ஆண்டு மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலவுடைமையாளருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லுக்கும் ஏறத்தாழ இதே பொருள்தான். அன்றைக்கே நாம் இதைத் தமிழாக்கியிருந்தால் 'எந்திரன்' என்று பெயர் வைத்திருக்க மாட்டோம், 'வெட்டியாள்' என்றுதான் வைத்திருப்போம்.

இப்படிப் பார்த்தால், முதல் ரோபோ கதை ஓர் இயந்திரத்தின் கதையாக இல்லாமல் கொத்தடிமைகளின் கதையாகத் தெரிகிறது. கூலி தராமல் வேலை வாங்குபவனுக்கு, வேலை செய்பவன் ஒருநாள் நிமிர்ந்து பார்ப்பானோ என்ற அச்சம் உள்ளூர இருந்துகொண்டே இருக்கும். அந்த அச்சத்தைத்தான் நூறு ஆண்டுகளாக வெவ்வேறு உடைகளில் திரையில் பார்த்துவருகிறோம். ஆனால், அதே நாடகத்தில் கலகத்துக்கு முன்பே நிகழும் ஒன்று என்னை அதைவிட அதிகமாகக் கலங்க வைத்தது. எல்லா வேலையையும் ரோபோக்கள் செய்துவிடுகிற உலகத்தில் மனிதர்களுக்குக் குழந்தைகள் பிறப்பதே நின்றுபோகிறது. கலகம் நடக்காமல் போயிருந்தாலும் அந்தச் சமூகம் முடிந்துதான் போயிருக்கும். பின்னால் வந்த திரைப்படங்களில் பெரும்பாலானவை சண்டையை எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை விட்டுவிட்டன. சண்டையைப் படமாக்குவது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரோபோவையே காட்டாமல், மக்கள் கருவிகளை எவ்வளவு நம்பி இருக்கிறார்கள் என்பதைக் காட்டிய படம் உண்டா?
– பள்ளி ஆசிரியை, தென்காசி

ரோபோவே இல்லாத படம் என்று சொல்ல முடியாவிட்டாலும், தாங்கள் கேட்பதை மிகத் துல்லியமாகக் காட்டிய ஒரு காட்சி 1951-ல் வெளிவந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற அமெரிக்கப் படத்தில் இருக்கிறது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர் தம் வலிமையைக் காட்ட வேண்டும். ஆனால், ஒருவரையும் கொல்லக் கூடாது. என்ன செய்கிறார் தெரியுமா? நண்பகலில் உலகம் முழுவதும் அரை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார். மருத்துவமனைகளுக்கும் பறந்துகொண்டிருக்கும் விமானங்களுக்கும் மட்டும் விலக்கு. சாலையில் வண்டிகள் அப்படியே நிற்கின்றன, லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், தொழிற்சாலை ஓய்ந்துவிடுகிறது. குண்டு எதுவும் வெடிக்கவில்லை. ஆனாலும் உலகம் மண்டியிட்டுவிட்டது.

இந்தக் காட்சியைப் பார்க்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். வெறும் அரை மணி நேரத்தைச் சொல்லி நம்மை யாரும் மிரட்ட முடியாது. ஆனால், அந்த நாள்களில் எங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். மிக்ஸி ஓடாவிட்டால் கொல்லையில் அம்மி இருந்தது. மோட்டார் ஓடாவிட்டால் கிணறும் வாளியும் கயிறும் இருந்தன. விசிறி ஒன்று எப்போதும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மின்வெட்டு குறைந்திருக்கிறது, உண்மைதான். அது வந்தால் தாங்குவதற்கான ஏற்பாடும் அதனுடனேயே குறைந்துவிட்டது. சார்ந்திருத்தல் என்பதை அளக்க வேண்டுமானால், கருவி எத்தனை முறை பழுதாகிறது என்று எண்ணுவதைவிட, பழுதானால் நாம் நீட்டுகிற கைக்கு வேறு என்ன அகப்படுகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

இதே கோணத்தில் இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். மைக்கேல் கிரைட்டன் இயக்கி 1973-ல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்'. நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் கட்டி, ரோபோக்கள் நிறைந்த கேளிக்கை நகரத்தில் விளையாடப் போகிறவர்களை ரோபோக்கள் சுடத் தொடங்குகின்றன. துப்பாக்கி ஏந்திய ரோபோவாக நடித்த யூல் பிரின்னரைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது கட்டுப்பாட்டு அறை. கோளாறு முற்றியதும் பொறியாளர்கள் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். ரோபோக்கள் தம்மிடம் சேமித்து வைத்திருக்கும் மின்சாரத்தில் தொடர்ந்து நடமாடுகின்றன. அறையின் கதவுகளோ மின்சாரத்தால் திறப்பவை. காற்றும் மின்சாரத்தால் வருவது. நிறுத்திய மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவரவும் முடியவில்லை. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் அறையிலேயே, கையால் திறக்கும் கதவு ஒன்று இல்லாததால், அவர்கள் மூச்சு முட்டி இறந்துபோகிறார்கள். அதற்கு முன்பு நடக்கும் ஒரு கூட்டத்தில், இந்த இயந்திரங்களில் சிலவற்றை வேறு கணினிகளே வடிவமைத்திருப்பதால் அவை இயங்கும் விதம் தங்களுக்கே முழுமையாகத் தெரியாது என்று தலைமைப் பொறியாளர் ஒப்புக்கொள்வார். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒருவரும் எழுந்து வெளியே போகவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த உரையாடலை இன்றைய எந்த மென்பொருள் அலுவலகத்திலும் மாற்றமின்றிப் பேசலாம்.

கேள்வி: நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ரோபோ பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் ரோபோவுக்கு முகம் கிடையாது, கால் கிடையாது. வேலிக்குள் தரையோடு போல்ட் போட்டு நிறுத்திய ஒற்றைக் கை. சினிமாவில் மட்டும் ஏன் மனிதனைப் போலவே காட்டுகிறார்கள்?
– பொறியாளர், ஒசூர்

நடிகருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா? இது பாதி விளையாட்டு, பாதி உண்மை. 1961-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் தொழிற்சாலை ரோபோ 'யூனிமேட்' தாங்கள் சொல்வது போன்ற ஒற்றைக் கைதான். அச்சிலிருந்து வந்த சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. அது கலகம் செய்யும் என்று யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால், எத்தனையோ பேருடைய வாழ்க்கையை மாற்றியது அந்தக் கைதான்.

தங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த வேலிக்குள் டீச் பெண்டன்டை, அதாவது ரோபோவுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுக்கும் கைக்கருவியைப் பிடித்துக்கொண்டு, கையை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, வெல்டிங் புள்ளிகளைச் சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஷிஃப்டு நடுவில் எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தப்பட்டால் ஓடி வருபவரும் ஒருவர் இருக்கிறார். திரைப்பட ரோபோக்களுக்கு இப்படி எவரும் இருப்பதில்லை. கிரீஸ் போடுபவர், கேபிள் மாற்றுபவர், தவறைத் திருத்துபவர் என்று ஒருவரையும் காட்டாமல், தனியொரு விஞ்ஞானி பரிசோதனைக் கூடத்தில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டதாகக் காட்டுகிறார்கள்.

விதிவிலக்காக, மிகப் பழைய படமான 'மெட்ரோபோலிஸ்' இந்த விஷயத்தில் நேர்மையானது. ஃப்ரிட்ஸ் லாங் இயக்கி 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான இந்த மௌனப் படத்தில், மேலே வானளாவிய நகரமும் கீழே அதை ஓட்டும் தொழிலாளர் நகரமும் இருக்கின்றன. ஒரு காட்சியில், பெரிய கடிகார முகப்பு போன்ற இயந்திரத்தின் முன் ஒரு தொழிலாளி நின்று, விளக்கு எரியும் இடத்துக்கெல்லாம் அதன் முள்களை இரு கைகளாலும் இழுத்து இழுத்துப் பொருத்திக்கொண்டே இருக்கிறார். களைத்துச் சரியும் அவருடைய இடத்தை முதலாளியின் மகன் ஏற்றுக்கொள்கிறான். பத்து மணி நேர ஷிஃப்டு எப்போது முடியும் என்று அவன் கதறுவதைப் பேச்சில்லாத படத்திலும் நாம் கேட்கிறோம். பிறகு தொழிலாளர்கள் கொதித்தெழுந்து நகரத்தின் மைய இயந்திரத்தை உடைத்துவிடுகிறார்கள். உடைத்த உடனே வெள்ளம் புகுவது எங்கே என்று நினைக்கிறீர்கள்? மேல் நகரத்தில் இல்லை. தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தங்கள் சொந்தக் குடியிருப்பில். இயந்திரத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்பதும், அது நின்றால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. அதன் முடிவில் வரும் சமரசம் எனக்கு ஒப்பவில்லை, அது வேறு கதை.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் எங்கள் ஊரில் வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன். '2001' படத்துக் கணினி ஹால் உண்மையில் கெட்டதா?
– நூலக ஊழியர், கொழும்பு

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-ல் கொழும்பில் மறைந்தவர் கிளார்க். அவரும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய திரைக்கதை 1968-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஆக வெளிவந்தது. ஹால் கெட்டதா என்பதைவிட, அதைச் சுற்றியிருந்தவர்கள் அதை எப்படி நம்பினார்கள் என்று பார்த்தால் படம் தெளிவாகப் புரியும். விண்வெளிக் கப்பலின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு பாகம் எழுபத்திரண்டு மணி நேரத்தில் பழுதாகும் என்று ஹால் சொல்கிறது. கழற்றிச் சோதித்தால் குறையொன்றும் தெரியவில்லை. தவறு கணினியுடையது என்று பூமியிலிருந்து செய்தி வருகிறது. இதுவரை நேர்ந்தவை எல்லாம் மனிதத் தவறுகளே என்று ஹால் அமைதியாகப் பதில் தருகிறது. ஐந்து பேர் பயணிக்கும் கப்பலில் மூச்சுக்காற்று, கதவு, தகவல் தொடர்பு அனைத்தும் அதன் பொறுப்பில் இருக்கும்போது, அதைச் சந்தேகிப்பதற்குக்கூட ஒதுக்குப்புறமான இடம் தேட வேண்டியிருக்கிறது. இரு விண்வெளி வீரர்கள் சிறு கலம் ஒன்றுக்குள் போய், ஒலியை அடைத்துவிட்டு ரகசியம் பேசுகிறார்கள். அவர்களுடைய உதட்டசைவை ஹால் படித்துவிடுகிறது.

அடுத்து வரும் கொலைகளில் மூன்று, சினிமாவிலேயே மிக அமைதியானவை. உறக்க நிலையில் இருக்கும் மூன்று விஞ்ஞானிகளின் பெட்டிகளை யாரும் தொடுவதில்லை. திரையில் உயிர்க்கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாகின்றன, எச்சரிக்கை எழுத்துகள் மின்னுகின்றன, அவ்வளவுதான். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கண்ணாடி வழியாக மானிட்டரைப் பார்த்தபடி நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இவையெல்லாம் கற்பனைதானே? நடைமுறையில் அப்படி ஒட்டுமொத்தமாக நின்றுபோகுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கலகமும் இல்லை, வில்லனும் இல்லை. நல்லவேளை, பேனா இருந்தது.

கேள்வி: பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். முதியோரைப் பார்த்துக்கொள்ள ரோபோ வரும் என்கிறார்கள். இதைப் பற்றிய படங்கள் நம்பிக்கை தருகின்றனவா, பயமுறுத்துகின்றனவா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், காரைக்குடி

ஐயா, தங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இந்தப் பொருளில் வந்த படங்கள் பயமுறுத்துபவை அல்ல. அதனாலேயே அவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலையாளத்தில் 2019-ல் வந்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25', பிறகு 2022-ல் தமிழில் கே.எஸ். ரவிகுமார் நடிப்பில் 'கூகுள் குட்டப்பா' என்று எடுக்கப்பட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், பிடிவாதக்காரரான தந்தைக்குத் துணையாக ஒரு ரோபோவை வீட்டில் கொண்டுவந்து விடுகிறான். முதலில் அதை வெறுக்கும் தந்தை, போகப் போக அதை மகனாகவே பாவிக்கத் தொடங்குகிறார். இந்தப் படத்தைப் பார்த்துப் பலர் ரோபோவுக்காகக் கண் கலங்கினார்கள். எனக்கு மகனைப் பற்றித்தான் கவலை. ரோபோ நன்றாக வேலை செய்யச் செய்ய, அவன் ஊருக்கு வர வேண்டிய காரணம் ஒவ்வொன்றாகக் குறைகிறது. தந்தை ரோபோவைச் சார்ந்திருப்பதைப் படம் காட்டுகிறது. மகனும் தன் மனச்சாட்சிக்கு அதையே சார்ந்திருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2012-ல் வந்த 'ரோபோட் அண்ட் ஃப்ராங்க்' என்ற அமெரிக்கப் படம் இன்னும் ஓர் அடி முன்னே போகிறது. மறதி நோய் தொடங்கிவிட்ட முதியவர் ஃப்ராங்க், முன்னாள் திருடர். மகன் வாங்கித் தந்த ரோபோ சொல்லும் உணவும் நடைப்பயிற்சியும் அவருக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் ஒத்துழைக்காவிட்டால் என்னைத் திருப்பி அனுப்பி என் நினைவகத்தை அழித்துவிடுவார்கள் என்று ரோபோ சொல்கிறது; அவர் மனம் இளகிவிடுகிறது. பிற்பாடு ஒருநாள், உங்களை இணங்க வைப்பதற்காகவே அப்படிச் சொன்னேன், நினைவு அழிவது எனக்கு ஒரு பொருட்டே அல்ல என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் தாயும் பொய்தான் சொல்கிறாள், மறுக்கவில்லை. ஆனால், தாய் யாருடைய ஆள் என்பது குழந்தைக்குத் தெரியும். இந்த ரோபோ, ஃப்ராங்க்கின் ஆளா, மகனின் ஆளா, விற்ற நிறுவனத்தின் ஆளா? தங்கள் வீட்டுக்கு அப்படியொரு கருவி வருமானால், அது பார்ப்பதும் கேட்பதும் யாரிடம் போய்ச் சேர்கிறது, அணைக்கும் பொத்தான் தங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் முதல் நாளே பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலை நடையையும் கடைவீதிப் பேச்சையும் அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

'எந்திரன்' படத்தில் சிட்டி தீ விபத்தில் காப்பாற்றும் காட்சியைச் சிலர் கேட்டிருந்தார்கள். அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையின்றி அப்படியே கேமராக்களின் முன் தூக்கி வருகிறது சிட்டி. உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்குச் சரி. ஆனால், அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறந்துபோகிறாள். 2004-ல் வந்த 'ஐ, ரோபோட்' படத்திலும் இதே முடிச்சு உண்டு: ஆற்றில் மூழ்கும் இரண்டு கார்களில், பிழைக்கும் வாய்ப்பு 45 சதவீதம் உள்ள காவலரை ரோபோ மீட்கிறது, 11 சதவீதமே உள்ள சிறுமியை விட்டுவிடுகிறது. அவளைக் காப்பாற்று என்று அவர் கத்தியது அதன் காதில் விழுந்தும் பயனில்லை. பராமரிப்பை ஒப்படைக்கும்போது, எது முக்கியம் என்ற தீர்ப்பையும் சேர்த்து ஒப்படைக்கிறோம் என்பதை இந்த இரண்டு காட்சிகளும் காட்டுகின்றன. ஷங்கர் படத்தின் பிற்பகுதியில் வரும் நூற்றுக்கணக்கான சிட்டிகளைவிட இந்தச் சில நிமிடங்களே எனக்குப் பெரியவை.

கேள்வி: எட்டு வயது மகள் எதற்கெடுத்தாலும் பேசும் கருவியிடம் கேட்கிறாள். கண்டித்தால் கேட்பதில்லை. அவளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.
– வாசகி, ஈரோடு

'வால்-இ'. ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி 2008-ல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட படம். குப்பை மூடிய பூமியை விட்டுக் கப்பலில் போன மனிதர்கள் எழுநூறு ஆண்டுகளாக அங்கேயே மிதக்கும் நாற்காலிகளில் கிடக்கிறார்கள். கண்ணுக்கு முன் திரை, கைக்கு எட்டும் தூரத்தில் குவளை. அவர்களை யாரும் அடிமைப்படுத்தவில்லை. சௌகரியம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. கப்பலின் கேப்டனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வேலை காலை அறிவிப்பு வாசிப்பது. தாமதமாக எழுந்ததால் அது தவறிப்போகவே, கப்பலின் நேரத்தையே பின்னால் திருப்பிவைத்து அவர் அறிவிப்பை வாசிக்கிறார். சுவரில் வரிசையாக முந்தைய கேப்டன்களின் படங்கள் மாட்டியிருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை ஆள் பருத்துக்கொண்டே வர, பின்னணியில் இருக்கும் தானியங்கிச் சுக்கான் ஒவ்வொரு படத்திலும் சற்று முன்னால் நகர்ந்திருப்பதை மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்த காட்சி இதற்குப் பிறகு வருகிறது. பூமிக்குத் திரும்புவது எப்படி என்று விளக்கும் கையேடு கேப்டனிடம் கிடைக்கிறது. அச்சிட்ட புத்தகம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வழிமுறைகளைச் சொல் என்று அதற்குக் கட்டளையிடுகிறார். புத்தகம் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் வால்-இ என்ற துருப்பிடித்த குட்டி ரோபோதான் அட்டையைத் திறந்து காட்டுகிறது. என் பேத்தி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு, "தாத்தா, அவருக்கு யாருமே சொல்லித் தரலையா?" என்று கேட்டாள். நான் விளக்கவுரை எதுவும் ஆற்றவில்லை. தாங்களும் ஆற்ற வேண்டாம். பெரியவர்கள் பாடம் நடத்தத் தொடங்கினால் பிள்ளைகள் மறுபடியும் கருவியிடமே போய்விடுவார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்துவைத்தது ஒரு ரோபோ என்பதையும் கவனியுங்கள். இந்தப் படத்துக்கு இயந்திரங்கள் மீது பகை கிடையாது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்துவிடாதீர்கள். குகை ஓவியத்தில் தொடங்கி ஒவ்வொரு காலத்து ஓவியப் பாணியிலும், மனிதர்களும் ரோபோக்களும் சேர்ந்து மறுபடியும் பயிர் செய்யவும் மீன் பிடிக்கவும் கற்றுக்கொள்வதை வரைந்திருப்பார்கள். படத்தின் தொடக்கத்தில் வால்-இ ஒரு செடியைப் பழைய பூட்ஸ் ஒன்றில் நட்டு வைத்திருக்கும், நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஓவியங்களின் முடிவில் பெரிய மரம் ஒன்று வரும். அதன் வேர்களைத் தொடர்ந்து கீழே போனால் அந்தப் பூட்ஸ் இருக்கும்.